தாயம் ஏன் விழவில்லை?

வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்கும் வழக்கமுள்ள வீடுகளில் அன்று மட்டும் பரணிலிருந்து இரண்டு பொருள்கள் கீழே இறங்கும். ஒன்று பரமபத படம். மற்றொன்று தாயக்கட்டை. சேலையூரில் உள்ள என் அக்காள் வீட்டிலும் அப்படித்தான். அந்த இரவில் வராந்தாத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் வரைந்து, நால்வர் உட்கார்ந்தோம். அக்காளுக்குப் புளியங்கொட்டை, மாமாவுக்கு உடைந்த வளையல் துண்டு, எனக்கு ரயில் பாதையோரம் பொறுக்கிய கருங்கல் ஜல்லி, பத்தாம் வகுப்புப் படிக்கும் அக்காள் மகளுக்குச் சோழி. இவைதாம் காய்கள்.

தாயம் ஆடாதவர்கள் உங்களில் சிலர் இருக்கலாம். அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பித்தளையில் செய்த இரண்டு நீளக் கட்டைகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கங்கள். ஒரு பக்கத்தில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் மூன்று, ஒரு பக்கம் வெறுமை. இரண்டையும் உள்ளங்கைகளுக்கிடையே உருட்டித் தரையில் விடவேண்டும். மேலே தெரியும் புள்ளிகளைக் கூட்டினால் எண். கூட்டுத்தொகை ஒன்று வந்தால் அதுதான் தாயம். தாயம் போட்டால்தான் முதல் காயைக் கட்டத்துக்குள் இறக்கலாம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பூஜ்யமல்ல, பன்னிரண்டு! ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகியவை விழுந்தால் மறுபடியும் உருட்டலாம். இரண்டு, மூன்று, நான்கு விழுந்தால் கட்டை அடுத்தவர் கைக்குப் போய்விடும். (வீட்டுக்கு வீடு சில விதிகள் மாறும். உங்கள் பாட்டி வேறு மாதிரி சொன்னால் பாட்டி சொல்வதே சரி.)

அன்றைக்கு எங்கள் மூவருக்கும் விரைவிலேயே தாயம் விழுந்துவிட்டது. அக்காள் மகளுக்கு விழவில்லை. பத்து முறை உருட்டினாள். இல்லை. பன்னிரண்டு, பதினைந்து... பதினேழு முறை உருட்டியும் தாயம் வரவில்லை. அவளுடைய சோழிகள் கட்டத்துக்கு வெளியே வரிசையாகக் காத்துக் கிடந்தன.

“இவ கை அப்படி. சின்ன வயசுலேருந்தே இவளுக்குத் தாயம் விழாது” என்றாள் அக்காள், விளையாட்டாகத்தான். ஆனால் பெண்ணின் முகம் மாறிவிட்டது. “எனக்கு ராசியே இல்ல மாமா. ஸ்கூல்லயும் நான் படிக்காத கேள்விதான் வருது” என்று சொல்லிவிட்டுக் கட்டையைக் கீழே வைத்துவிட்டாள்.

அவளுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. “அதெல்லாம் ஒன்றுமில்லை” என்று சொல்லித் தட்டிக் கழிப்பது பதிலாகாது. பதினேழு முறை தாயம் விழாதது உண்மை. அது எவ்வளவு பெரிய அதிசயம் என்று கணக்கிட்டால்தானே அதற்குக் கை காரணமா, கட்டை காரணமா, வேறொன்றும் இல்லையா என்று சொல்ல முடியும்? ஒரு தாளை எடுத்தோம்.

பதினாறு வழிகள்

முதல் கட்டை நான்கு விதமாக விழலாம். அவை ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது கட்டை நான்கு விதமாக விழலாம். ஆக மொத்தம் 16 வழிகள். கட்டை ஒழுங்காகச் செய்யப்பட்டிருந்தால் இந்த 16-ம் சம வாய்ப்புள்ளவை. தாயம் விழ வேண்டுமானால் ஒன்றில் ஒரு புள்ளியும் மற்றொன்றில் வெறுமையும் தெரிய வேண்டும். இதற்கு இரண்டே வழிகள்: முதலாவதில் ஒன்று, இரண்டாவதில் வெறுமை, அல்லது மாறி. ஆகவே தாயம் விழுவதற்கான நிகழ்தகவு 2/16, அதாவது எட்டில் ஒன்று.

மற்ற எண்களையும் இதேபோல் எண்ணலாம். நான்கு என்ற எண் 1+3, 3+1, 2+2 என்று மூன்று வழிகளில் வரும். ஆறு ஒரே வழியில், 3+3 என்று மட்டும் வரும். பின்னங்களைவிட முழு எண்கள் மனத்தில் எளிதாக நிற்கும் என்பதால், 160 முறை உருட்டினால் சராசரியாக எது எத்தனை முறை விழும் என்று எழுதிக்கொள்வோம்:

தாயம் (1) – 20 முறை
இரண்டு – 30 முறை
மூன்று – 40 முறை
நான்கு – 30 முறை
ஐந்து – 20 முறை
ஆறு – 10 முறை
பன்னிரண்டு – 10 முறை

இந்தச் சிறு பட்டியலைத் தனியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது நமக்கு இன்னும் இரண்டு இடங்களில் வேலை செய்யும்.

எட்டில் ஒன்று என்றால் எட்டு முறை உருட்டினால் ஒரு முறை கட்டாயம் விழும் என்று பொருளல்ல. இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஆயிரம் பேர் ஒரு மைதானத்தில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் தாயம் உருட்டுவதாகக் கற்பனை செய்யுங்கள். தாயம் விழுந்தவர் எழுந்து போய்விடலாம். முதல் உருட்டில் ஏறத்தாழ 125 பேர் எழுந்துவிடுவார்கள். 875 பேர் மீதி. அந்த 875 பேரில் எட்டில் ஒரு பங்கு இரண்டாம் உருட்டில் எழுவார்கள். 766 பேர் மீதி. ஐந்தாம் உருட்டு முடிந்த பிறகும் பாதிக்குச் சற்று மேல், 513 பேர் உட்கார்ந்தே இருப்பார்கள். எட்டாம் உருட்டுக்குப் பின் 344 பேர். பதினேழாம் உருட்டுக்குப் பின்? 103 பேர்! ஆயிரத்தில் 103 பேர், அதாவது பத்தில் ஒருவர், என் அக்காள் மகளைப் போலவே கட்டையை முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் யாருக்கும் கை கெட்டுப்போகவில்லை. ஆயிரம் பேர் ஆடினால் நூறு பேருக்கு இப்படி நேர்ந்தே தீரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அன்று ஆடியவர்கள் நான்கு பேர். ஒருவருக்குப் பதினேழு முறைக்குள் தாயம் விழுந்துவிடும் நிகழ்தகவு ஏறத்தாழ 0.897. நால்வருக்குமே விழுந்துவிட வேண்டுமானால் இதை நான்கு முறை பெருக்க வேண்டும். விடை 0.647. அப்படியானால் நால்வரில் யாராவது ஒருவராவது பதினேழு முறை உருட்டியும் வெளியே நிற்கும் நிகழ்தகவு 0.353. மூன்று ஆட்டம் ஆடினால் ஏறக்குறைய ஓர் ஆட்டத்தில் யாரோ ஒருவருக்கு ‘ராசியில்லாமல்’ போகும் என்பது கணக்கு! அது யார் என்பதை மட்டும் கணக்கு சொல்லாது. ஒரு வருஷம் அவளுக்கு நேர்ந்தது. அதை வீட்டார் பேசிப் பேசி நினைவில் வைத்தார்கள். மாமாவுக்கு நேர்ந்த வருஷங்களை யாரும் நினைவில் வைக்கவில்லை.

“சரி மாமா, பதினேழு தடவை விழல. அப்ப பதினெட்டாவது தடவை விழ சான்ஸ் ஜாஸ்திதானே?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. மைதானத்துக்குத் திரும்புவோம். மீதி 103 பேர் பதினெட்டாம் முறை உருட்டுகிறார்கள். அவர்களில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 13 பேர் எழுவார்கள். முதல் உருட்டில் எழுந்ததும் எட்டில் ஒரு பங்குதான். இப்போதும் அதே எட்டில் ஒரு பங்குதான். பித்தளைக்கு நினைவாற்றல் கிடையாது. அது உங்களுக்குத் தாயம் கடன்பட்டிருப்பதாக எந்தக் கணக்கேட்டிலும் எழுதப்படவில்லை. இத்தனை முறை தோற்றாயிற்று, அடுத்த முறை வந்தே தீரும் என்று நம்பிப் பணம் வைத்து ஆடியவர்கள் வீடு வாசலை இழந்த கதை பாரதத்தோடு முடிந்துவிடவில்லை.

பித்தளைக் கட்டையின் கடைசி இரண்டு மில்லிமீட்டர்

இவ்வளவு நேரம் ‘கட்டை ஒழுங்காகச் செய்யப்பட்டிருந்தால்’ என்று ஒரு நிபந்தனை போட்டுப் பேசினோம். அது உண்மைதானா என்பது கணிதத்தின் கேள்வியல்ல, இயற்பியலின் கேள்வி. எனவே நான் அதை விட முடியாது.

ஓர் அடிக்கோலைச் சுழற்றித் தரையில் போடுங்கள். அது எப்போதும் தட்டையாகத்தான் விழும். மெல்லிய விளிம்பில் நிற்காது. காரணம், தட்டையாகக் கிடக்கும்போது அதன் ஈர்ப்பு மையம் தரைக்கு மிக அருகில் இருக்கிறது; நிலை ஆற்றல் குறைவு. தாயக்கட்டையின் குறுக்குவெட்டு சரியான சதுரமாக இல்லாமல் ஒரு பக்கம் சற்று அகலமாக இருந்தால், அடிக்கோலின் குணம் அதற்கும் கொஞ்சம் வந்துவிடும். அகலப் பக்கங்கள் அடிக்கடி விழும். எங்கள் வீட்டுக் கட்டைகளை வெர்னியர் அளவியால் அளந்து பார்த்தோம். ஒன்றில் வேறுபாடே தெரியவில்லை. மற்றொன்றில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம், பல வருஷத் தேய்மானமாக இருக்கலாம். அது பெரிதாகப் பாதிக்காது என்று எனக்குத் தோன்றியது; ஆனால் தோன்றுவதை நம்பாமல் உருட்டிப் பார்ப்பதே முறை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வேறொரு சந்தேகமும் எழலாம். கட்டை நியூட்டனின் விதிகளுக்குக் கட்டுப்பட்ட பொருள். கையை விட்டுப் புறப்படும் வேகமும் சுழற்சியும் தெரிந்தால் எப்படி விழும் என்று கணக்கிட முடியவேண்டுமே, பிறகு ‘வாய்ப்பு’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கட்டையை எடுத்துக்கொள்வோம். அது ஒரு பக்கத்தில் கிடக்கும்போது அதன் மையம் தரையிலிருந்து 5 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். அது அடுத்த பக்கத்துக்குப் புரள வேண்டுமானால் ஒரு விளிம்பின் மீது நின்று கடக்கவேண்டும். அப்போது மையத்தின் உயரம் சதுரத்தின் மூலைவிட்டத்தில் பாதி, அதாவது 7.07 மில்லிமீட்டர். ஆகவே ஒவ்வொரு புரளலும் இரண்டு மில்லிமீட்டர் மேடு ஒன்றை ஏறி இறங்குவது போன்றது. ஆறு சென்டிமீட்டர் நீளமுள்ள திண்மப் பித்தளைக் கட்டையின் நிறை ஏறத்தாழ 50 கிராம். அந்த மேட்டை ஏற அதற்குத் தேவையான ஆற்றல் ஒரு ஜூலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான்! ஒவ்வொரு மோதலிலும் ஒலியாகவும் வெப்பமாகவும் ஆற்றல் கரைந்துகொண்டே வருகிறது. கடைசியாக ஒரு மேட்டின் முன் கட்டை வந்து நிற்கும்போது, கையிருப்பு அந்த ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகமா, குறைவா என்பதே விழும் எண்ணைத் தீர்மானிக்கிறது. தரையில் ஒரு மணல் துகள் போதும், கை ஒரு மயிரிழை சாய்ந்தால் போதும், முடிவு மாறிவிடும். விதிகள் உண்டு, ஆனால் அவற்றைக் கொண்டு கணக்கிடத் தேவையான துல்லியம் எந்தக் கைக்கும் கிடையாது.

இதனால்தான் உருட்டாமல் நழுவவிடுபவரை ஆட்டத்தில் அனுமதிப்பதில்லை. கட்டை புரளாமல் வழுக்கிக்கொண்டு போனால் மேடு ஏறும் வேலையே இல்லை. வைத்த பக்கம் அப்படியே நிற்கும். சகுனியின் மாயம் என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் ஓர் இயற்பியல்காரனாக நான் முதலில் சந்தேகப்படுவது வழுக்கலைத்தான்.

கீழடியும் ஊர் நகரமும்

சிவகங்கை மாவட்டம் கீழடியில் 2022-ஆம் ஆண்டு நடந்த எட்டாம் கட்ட அகழாய்வில் தந்தத்தால் ஆன பகடை ஒன்று கிடைத்தது. அது நீளமான செவ்வக வடிவம் கொண்டது. அதற்கு முந்தைய கட்டங்களில் கிடைத்தவை கனசதுரப் பகடைகள். வைகைக் கரையில் நம் முன்னோர் இரண்டு வகைப் பகடைகளையும் உருட்டியிருக்கிறார்கள் என்பது இதனால் தெளிவாகிறது. இன்னும் பின்னோக்கிப் போனால், சிந்துவெளியின் மொகஞ்சதாரோவிலும் கனசதுரப் பகடைகள் கிடைத்துள்ளன. இன்றைய பகடையில் எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டினால் ஏழு வரும். மொகஞ்சதாரோப் பகடைகளிலோ ஒன்றுக்கு எதிரே இரண்டு, மூன்றுக்கு எதிரே நான்கு, ஐந்துக்கு எதிரே ஆறு. எதை எதற்கு எதிரே வைத்தாலும் நிகழ்தகவு மாறாது என்பதை நீங்களே உணர்ந்துகொள்ளலாம்.

பகடை உருட்டி, காயை ஓட்டி, எதிரியை வெட்டி, தன் காய்களை முதலில் கரைசேர்ப்பது என்ற இந்த ஆட்டக் குடும்பம் உலகெங்கும் பரவியது. இராக் நாட்டின் தென்பகுதியில் ஊர் என்ற பண்டைய நகரம் இருந்தது. (பெயரே ‘ஊர்’தான்! இது தற்செயல் ஒலி ஒற்றுமை; இதை வைத்து யாரும் வரலாறு எழுதிவிட வேண்டாம்.) அங்கே 1920-களில் லியோனார்டு ஊல்லி அரச கல்லறைகளைத் தோண்டியபோது 20 கட்டங்கள் கொண்ட ஆட்டப் பலகைகள் கிடைத்தன. அவற்றின் வயது ஏறத்தாழ 4,600 ஆண்டுகள். விதிகள்? பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இர்விங் ஃபிங்கல், பாபிலோனில் கி.மு. 177 வாக்கில் எழுதப்பட்ட ஒரு களிமண் பலகையைப் படித்து, இந்த ஆட்டத்தின் விதிகளைப் பெருமளவு வெளிக்கொணர்ந்தார். அவர்கள் பயன்படுத்திய பகடை நான்கு முகமுள்ள கூம்பு. நான்கு முனைகளில் இரண்டு முனைகளுக்கு மட்டும் குறி. ஆகவே குறியுள்ள முனை மேலே நிற்பதற்கு நிகழ்தகவு சரிபாதி.

ரோமானியர் ‘டேபுலா’ என்ற ஆட்டத்தை மூன்று பகடைகளால் ஆடினர். கி.பி. 480 வாக்கில் ஜீனோ என்ற பேரரசர் ஆடிய ஆட்டம் ஒன்று வரலாற்றில் நிலைத்துவிட்டது. நல்ல நிலையில் இருந்தவருக்கு 2, 5, 6 என்று விழுந்தது. விதிப்படி காய்களை நகர்த்தியதும் அவருடைய அணி முழுதும் சிதறி, எட்டுக் காய்கள் தனித்தனியாக வெட்டுக்கு ஆளாகின. சில பத்தாண்டுகள் கழித்து அகாத்தியாஸ் என்ற கவிஞர் இதை எழுதிவைத்ததால், ஒரு பேரரசரின் துரதிர்ஷ்டம் 1,500 ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. என் அக்காள் மகளுக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது.

பாரசீகத்தில் இந்த ஆட்டம் ‘நர்த்’ எனப்பட்டது. இதைப் பற்றி அவர்கள் சொல்லும் கதையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. இந்திய அரசன் ஒருவன் சதுரங்கப் பலகையை விதி சொல்லாமல் அனுப்பி, உங்கள் அறிஞர்கள் இதன் பொருளைக் கண்டுபிடிக்கட்டும் என்றானாம். புசுர்க்மிஹ்ர் என்ற அமைச்சர் அதைக் கண்டுபிடித்ததோடு, பதிலுக்கு நர்த் ஆட்டத்தை அமைத்து இந்தியாவுக்கு எடுத்து வந்தாராம். முப்பது காய்கள் மாதத்தின் முப்பது நாள்கள். பகடையின் சுழற்சி விண்மீன்களின் சுழற்சி என்று விளக்கமும் தந்தாராம். இது கதைதான். ஆனால் சதுரங்கத்தில் எல்லாம் ஆடுபவன் கையில், நர்த்தில் பாதி வானத்தின் கையில் என்று இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்த்த அந்தப் புத்தி கூர்மையானது. நர்த்தின் வழிவந்ததே இன்று உலகெங்கும் ஆடப்படும் பேக்கேமன். ஆளுக்கு 15 காய்கள், 24 வீடுகள், இரண்டு கனசதுரப் பகடைகள்.

நிகழ்தகவு என்ற கணிதம் பிறந்ததும் பகடையால்தான். பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654-இல் கடிதங்கள் வழியே சூதாட்டக் கணக்குகளை விவாதித்ததிலிருந்து இதன் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். ஆனால் நளன் கதையில் ஓர் இடம் என்னை எப்போதும் நிறுத்திவிடும். சூதில் நாட்டை இழந்த நளன், இருதுபன்னனுக்குத் தேரோட்டியாக இருக்கிறான். வழியில் ஒரு தான்றி மரத்தைக் காட்டி, அதன் இரண்டு கிளைகளில் 2,095 காய்கள் இருக்கின்றன என்கிறான் மன்னன். நளன் தேரை நிறுத்தி, எண்ணிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. இந்த வித்தையும் சூதின் மருமமும் ஒன்றே என்கிறான் இருதுபன்னன். சிறு பகுதியைப் பார்த்து முழுமையை மதிப்பிடும் அறிவும் பகடை அறிவும் உறவுடையவை என்று மகாபாரதத்தை ஆக்கியோருக்குத் தெரிந்திருக்கிறது! தான்றிக்காய் என்பது திரிபலா சூரணத்தில் கடுக்காய், நெல்லிக்காயோடு சேருமே, அதுதான். வேத காலத்தில் பகடையாகப் பயன்பட்டதும் அதன் கொட்டைதான்.

“மூணுல நிக்காதே”

உருட்டுவது நம் கையில் இல்லை என்றால் தாயத்தில் நமக்கு என்ன வேலை? பரமபதத்தில் உண்மையிலேயே ஒரு வேலையும் இல்லை. ஒரே காய், விழுந்ததை நகர்த்த வேண்டியதுதான். ஏணியும் பாம்பும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். தாயத்தில் அப்படியல்ல. பல காய்கள் இருக்கும்போது எதை நகர்த்துவது என்று முடிவெடுக்கவேண்டும். எதிராளியை ஒரு முறையாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குள் போகலாம். மலையில் நின்றால் வெட்டு இல்லை. எல்லாக் காய்களையும் பழமாக்கியவரே வென்றவர். இங்கே நம் பட்டியல் மீண்டும் உதவுகிறது.

160 உருட்டில் மறு உருட்டுத் தருபவை (1, 5, 6, 12) மொத்தம் 60. மீதி 100 உருட்டுகள் கட்டையை அடுத்தவரிடம் கொடுத்துவிடும். அதாவது ஒருவர் 100 முறை கட்டையைக் கையில் வாங்கினால், சராசரியாக 160 முறை உருட்டுவார். அந்த 160 உருட்டுகளின் எண்களையெல்லாம் கூட்டிப் பாருங்கள்: 20+60+120+120+100+60+120. சரியாக 600 வரும். ஆக, ஒரு கை ஆட்டத்துக்குச் சராசரியாக ஆறு கட்டம். இதை யார் திட்டமிட்டார்களோ! எத்தனையோ ஆண்டுகள் தாயம் ஆடிவிட்டு, இந்த முழு எண் வந்த அன்றைக்கு நான் தாளை இரண்டு முறை சரிபார்த்தேன்.

மேலும், எந்தக் கையும் இரண்டிலோ மூன்றிலோ நான்கிலோதான் முடியும். நூறு கைகளில் 30 இரண்டில், 40 மூன்றில், 30 நான்கில். எனவே எதிராளியின் காய்க்குச் சரியாக மூன்று கட்டம் முன்னால் உங்கள் காய் நின்றால், அவர் கைக்குக் கட்டை போனதும் அது வெட்டுப்படும் வாய்ப்பு நூற்றுக்கு 40. இரண்டு அல்லது நான்கு கட்டம் முன்னால் நின்றால் 30. ஒரே கட்டம் முன்னால் நின்றால் தாயம் விழுந்தாக வேண்டும். மறு உருட்டுகளையும் சேர்த்தால் ஆறில் ஒரு பங்கு, நூற்றுக்கு 17-க்கும் கீழ். ஆறு கட்டம் முன்னால் நின்றால் நேரே ஆறு விழுந்து வெட்டுப்படுவது பதினொன்றில் ஒரு பங்கு. (இரண்டு எண்களைக் கூட்டி ஒரே காயை நகர்த்தி வெட்டும் வழிகளை இங்கே சேர்க்கவில்லை. அவற்றையும் சேர்த்துப் பார்ப்பது உங்களுக்கு வீட்டுவேலை.)

என் பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை. “எதிரி மூக்கு நுனில நில்லு, இல்ல எட்டி நில்லு. மூணுல மட்டும் நிக்காதே” என்பார். பயம் மிகுந்தவர்கள் எதிரிக்கு மிக அருகே நிற்க அஞ்சி, இரண்டு மூன்று கட்டம் தள்ளி நிற்பார்கள், அங்கேதான் வெட்டுப்படுவார்கள். பல்லாயிரம் உருட்டுகளைப் பார்த்த கண் அது. பேக்கேமன் ஆடுபவர்களும் இதேபோல் ஒரு பட்டியலை மனப்பாடம் செய்கிறார்கள். அங்கே ஆறு கட்ட தூரம் மிக ஆபத்தானது, 36-இல் 17 வழிகள். ஒரு கட்டம் தள்ளி ஏழில் நின்றால் வெறும் 6 வழிகள். ஒரே ஒரு கட்டம், ஆபத்து மூன்றில் ஒன்றாகிவிடுகிறது.

வாய்ப்பும் திறமையும் இப்படிக் கலந்திருப்பதால்தான் கணினி அறிஞர்களும் இந்த ஆட்டத்தை விரும்பினார்கள். 1979-இல் மாண்டி கார்லோவில் ஹான்ஸ் பெர்லினரின் கணினி நிரல், உலக பேக்கேமன் வீரரான லூயிஜி வில்லாவை 7-1 என்று வென்றது. ஆட்டங்களை ஆராய்ந்துவிட்டு, பகடை தன் பக்கம் இருந்தது என்பதைப் பெர்லினரே ஒப்புக்கொண்டார். வில்லாவே சிறந்த ஆட்டக்காரர் என்றார். வென்ற பிறகும் அப்படிச் சொல்ல ஒரு நேர்மை வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜெரால்டு டெசாரோ உருவாக்கிய நிரலுக்கு உத்திகளைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அது தனக்குத் தானே எதிராளியாகி லட்சக்கணக்கான ஆட்டங்கள் ஆடிக் கற்றுக்கொண்டது. தேர்ந்த வீரர்கள் பழக்கத்தால் வைத்திருந்த சில தொடக்க நகர்த்தல்களை, அதைப் பார்த்தபின் மாற்றிக்கொண்டார்கள். அதற்கும் பகடை ஒருபோதும் அடங்கவில்லை. எதை நகர்த்துவது என்பதில் மட்டுமே அது வல்லதாயிற்று.

நீங்களும் செய்து பாருங்கள். உங்கள் வீட்டுத் தாயக்கட்டையை 160 முறை உருட்டி, ஒவ்வொரு எண்ணுக்கும் கோடு போட்டு எண்ணுங்கள். தாயம் சரியாக 20 வரவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒழுங்கான கட்டையானால் நூற்றுக்கு ஏறக்குறைய 95 முறை விடை 12-க்கும் 28-க்கும் இடையே இருக்கும். அதற்கு வெளியே விழுந்தால் உடனே கட்டையைப் பழிக்காமல் இன்னொரு 160 உருட்டுங்கள். மீண்டும் வெளியே விழுந்தால் வெர்னியரை எடுங்கள். கட்டை கிடைக்காதவர்கள் நான்கு புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை தரையில் தேய்த்து எடுத்துக்கொள்ளலாம். தேய்த்த தட்டைப் பக்கமும் தேய்க்காத உருண்டைப் பக்கமும் சம வாய்ப்புள்ளவையா? அடிக்கோலை நினைத்துக்கொண்டு, உருட்டுவதற்கு முன்பே உங்கள் ஊகத்தை எழுதி வையுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காள் மகள் அதே வராந்தாவில் 160 முறை உருட்டினாள். நான் கோடு போட்டேன். பாதியில் அக்காளும் வந்து உட்கார்ந்துவிட்டாள். மூன்று என்ற எண் 43 முறை, தாயம் 18 முறை. “விழாத கைக்குப் பதினெட்டா?” என்று அவள் அம்மாவைப் பார்த்துக் கேட்டாள். அந்த 160-க்குள் ஓரிடத்தில் தொடர்ந்து இருபத்தோரு உருட்டு தாயமே இல்லை. அவள் அந்த இடத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, கீழே ‘ஜீனோ’ என்று எழுதினாள்.